குழிக்குள் தள்ளியது யார்?

ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்ததில் கேரம் போர்டு ஸ்ட்ரைக்கருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "குறி தப்பாம அடிக்கிறது எனக்குப் பிறவியிலேயே வந்தது" என்றது.

"நான் வழுக்க வைக்காம நீங்க எங்கண்ணே நகரப் போறீங்க?" என்றது பவுடர்.

"மூஞ்சிக்குப் பூசுற பயலுக்கு ஆட்டத்தப் பத்தி என்னடா தெரியும்?"

பவுடர் கோபித்துக்கொண்டு டப்பாவுக்குள் போய்விட்டது. ஸ்ட்ரைக்கர் வீராப்பாகப் பாய்ந்து, பாதி வழியிலேயே கிறீச்சென்று நின்றது. மானமே போயிற்று.

"இப்ப நான் தனியா ஜெயிக்கிறேன், பாருங்க" என்று பவுடர் வந்து போர்டெங்கும் படுத்துக்கொண்டது. சாயங்காலம்வரை ஒரு காயும் அசையவில்லை.

அந்தப் பக்கம் வந்த எறும்பு ஒன்று பவுடரில் சறுக்கி, ஸ்ட்ரைக்கர்மேல் மோதி, குழிக்குள் விழுந்தது. வெளுத்த முகத்தோடு எட்டிப் பார்த்து, "எவன்டா என்னைத் தள்ளினது?" என்று கத்தியது.

இரண்டும் நெஞ்சை நிமிர்த்தின. "நான்தான்!"