கறுப்பு வீரன்

எங்கள் சண்டை வீடியோ கேமின் கதாநாயகனுக்கு ஒரு கெட்ட வடிவம் செய்திருந்தோம். அதே முகம், கறுப்பு உடை, சிவப்புக் கண்; கம்ப்யூட்டரே அவனை ஆடவைக்கும். அவனை எதிர்த்து ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்ல, அந்த கேமின் சாம்பியனையே ஆபீசுக்கு அழைத்திருந்தோம்.

மூன்றாவது ஆட்டத்திலேயே கொட்டாவி விட்டார்.

“இவனெல்லாம் ஒரு வில்லனாம்மா? ஒரு உதை வாங்கினா ரெண்டடி பின்னாடி போறான். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு குதிக்கிறான். பயந்தாங்கொள்ளி!”

எழுதிக்கொண்டேன்.

“தப்பித்தவறி என்மேல ஒரு அடி விழுந்துட்டா தலைகால் புரியாம ஆடுறான். என் கதாநாயகன் கால் தூசிக்குச் சமமா இவன்?”

அதையும் எழுதினேன்.

“இவனுக்குச் சண்டை கத்துக்கொடுத்த முட்டாள் யாரு? முதல்ல அவனை வீட்டுக்கு அனுப்புங்க.”

பேனாவை மூடினேன்.

“போன மாசம் நீங்க இங்க உக்காந்து, கதாநாயகனா நாப்பது ஆட்டம் ஆடினீங்களே சார்? அதையெல்லாம் பதிவு பண்ணி, இதைப் பார்த்துக் கத்துக்கோன்னு இவன்கிட்ட கொடுத்தோம். வேற யாரும் இவனுக்கு எதுவும் சொல்லித்தரலை.”

சாம்பியன் நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனார்.

அப்புறம் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.