பொன் விளிம்பு

கொரியாவின் ஜொன்ஜு நகரத்துத் தேவாலயத்தின் அடித்தள அறையில் ஞாயிறு வகுப்பு நடக்கிறது. பக்கத்துச் சமையலறையில் கொதிக்கும் முள்ளங்கி சூப்பின் வாசனை கதவிடுக்கு வழியே வர, ஆசிரியை நாம்ஜு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். "போன்ல ஒரு வசனத்தத் தேடிப் பாத்துட்டா படிச்சதா ஆயிடுமா? தெனமும் ஒரு அதிகாரமாவது படிங்க. புரியலன்னா பென்சில்ல குறிச்சு வச்சு எங்கிட்ட கேளுங்க. இப்ப பழைய ஏற்பாட்டுல ஆபகூக் புஸ்தகத்த எடுங்க." தன் பைபிள் உறையின் ஜிப்பை அவளும் திறக்கிறாள். வாராவாரம் பாடக் கையேட்டைப் பார்த்தே வகுப்பை ஓட்டிவிடுபவள், இன்று அதை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறாள். குழல்விளக்கில் தாள்களின் பொன் விளிம்பு பளபளக்கிறது. ஆபகூக் இருக்கும் இடத்தில் தாள்கள் பொன் பூச்சால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. நகத்தால் பிரிக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம். பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான்; யாரும் திறக்காத பைபிள் அப்படித்தான் சத்தம் போடும். "டீச்சர், புதுசு வாங்கிட்டீங்களா?" தேயூல் வெள்ளந்தியாகக் கேட்கிறான். "ஆமாடா, புதுசு" என்கிறாள். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்தது அது. காதுமடல் சுடுகிறது. எதிரே இருக்கும் சோல்பி, பொன் உதிர்ந்து உப்பிப்போன தன் பைபிளை ஆபகூக்கில் திறந்து, இரண்டு கையாலும் டீச்சர் பக்கம் நீட்டுகிறாள். "இதுல பாருங்க டீச்சர்." ஓரமெல்லாம் பென்சில் எழுத்து: புரியவில்லை, டீச்சரைக் கேட்கணும். அதற்குக் கீழேயும் அதே. அடுத்த பக்கத்திலும் அதே. நாம்ஜுவின் குரல் தணிகிறது. "ஏன் சோல்பி, எங்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே டீச்சர். அடுத்த வாரம் சொல்றேன்னீங்க."