களிமண் சாவி

வகுப்பில் படித்த நாவலின் கடைசியில் வீட்டை விட்டுப் போகிறவள், தன் பையில் என்ன எடுத்துவைப்பாள் என்று செய்து காட்டச் சொல்லியிருக்கிறார் இந்திராணி டீச்சர். ஏரிக்காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. எட்டாம் வகுப்பின் தரையெங்கும் சாயங்கால வெயிலில் அட்டைப் பைகள் திறந்து கிடக்கின்றன. உள்ளே காகிதச் சேலைகள், தீப்பெட்டியில் செய்த ரேடியோ, சிப்பி ஒட்டிய முகக்கண்ணாடி. நிவேதாவின் பையில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது. களிமண்ணில் செய்து காயவைத்த சாவி. ஓரமெல்லாம் வெடித்திருந்தாலும் அதன் பற்கள் மட்டும் அச்சு அசலாக இருக்கின்றன. டீச்சர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கிறார். "கதையில அவ வீட்ல ஒன்பது பேரு இருக்காங்கம்மா. சாவி எதுக்கு?" பக்கத்தில் தனசேகர் களுக்கென்று சிரிக்கிறான். நிவேதாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "இன்னா மிஸ், எல்லாரும் காலைலயே போயிடுவாங்க இல்ல? நைனா மீன் புடிக்க போட்டுக்கு, அம்மா இறால் கம்பெனிக்கு. கடைசியா போறவதான பூட்டணும்?" அதற்குள் மணி அடிக்கிறது. பிள்ளைகள் இரைச்சலோடு வெளியே ஓடுகிறார்கள். நிவேதா மட்டும் அவசரமில்லாமல் தன் பையை மூடி, வாசலில் குனிந்து செருப்பை மாட்டுகிறாள். அவள் சட்டைக்குள்ளிருந்து கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளைச் சாவி நழுவி வெளியே வந்து ஆடுகிறது. அதன் பற்களின் இடுக்கில் களிமண் காய்ந்திருக்கிறது.