பதினேழாம் எண்

மலைப்பாதையின் ஐந்தாம் கல்லருகே மேலாளர் விசில் ஊதியதும் நின்ற இடத்திலிருந்தே ஆளாளுக்குத் தன் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஒன்று, இரண்டு என்று மளமளவென்று ஓடிவந்த வரிசை பதினாறில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. பதினேழைக் காணோம்.

அச்சகத்திலிருந்து மலையேற வந்த மற்ற இருபத்து மூன்று பேரும் மறுபடி வெயிலில் நின்றார்கள். எந்தக் காலத்திலோ குதிரைகளும் படைகளும் போன கருங்கல் பாதை. தேய்ந்த இடத்தில் வழுக்கும், தேயாத இடத்தில் குத்தும். நிழல் என்று பேருக்குக்கூட ஒன்றுமில்லை. மேலே, ஏழாம் கல்லில், இடிந்த கோட்டை.

புத்தகம் தைக்கும் பைண்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் எண் பதினெட்டு. ஒற்றைப்படை எண்ணுக்கு அடுத்த இரட்டைப்படை பொறுப்பு என்று மேலாளர் காலையிலேயே விதி போட்டிருந்தார். பதினேழு தாமதித்தால் எல்லோரும் முறைப்பது பதினெட்டைத்தான்.

பதினேழு, புரூஃப் பார்க்கும் பெரியவர். முப்பது வருடமாகப் பக்கங்களை வாய்விட்டுப் படித்து, கமாவையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்தே சொல்லிப் பழகிய வாய். அச்சகத்தில் அவருக்கு ‘முற்றுப்புள்ளி அண்ணன்’ என்றுதான் பெயர். முதல் கல்லில் “பதினேழு, முற்றுப்புள்ளி” என்று மூக்கால் இழுத்துச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். மூன்றாம் கல்லில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த மனிதர் வந்திருக்கவே வேண்டாம். ஆனால் அச்சகம் அடுத்த மாதம் நான்காம் மாடிக்குப் போகிறது. ஏற முடியாதவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மேலாளர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அதைச் சிரிக்காமல் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

ஒருவழியாக வந்து சேர்ந்தார். உதடு வெளுத்திருந்தது. கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

பைண்டர் அவர் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“நீங்க நிதானமா வாங்கண்ணே. உங்க நம்பரையும் நானே சொல்லிடறேன்.”

பெரியவர் பையை நோக்கிக் கையை நீட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை. பைண்டர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஆறாம் கல்லில், பதினாறு முடிந்ததும், பைண்டர் தலையைக் குனிந்துகொண்டு மூக்கால் இழுத்தார். “பதினேழு, முற்றுப்புள்ளி.”

அச்சு அசல் அதே குரல். பக்கத்தில் நின்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். வரிசையின் முன்னால் இருந்த மேலாளர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நோட்டில் இருபத்து நான்கு என்று குறித்தார்.

கோட்டையிலும் அதே கூத்து நடந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது பைண்டர் பெரியவரின் டப்பாவையும் திறந்து நாலு பேருக்குப் பங்கு வைத்தார். வந்தால் நம்முடையதைக் கொடுத்தால் போயிற்று. ஒருமுறை வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார். வளைவுவரை பாதை வெறிச்சென்று கிடந்தது. இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்க்கலாம் என்று காலெடுத்தவரின் தோளில் மேலாளர் வந்து கைபோட்டார். காலியாக இருக்கும் ஃபோர்மேன் வேலையைப் பற்றிப் பேச்சை எடுத்தார். அந்தப் பேச்சை நடுவில் வெட்ட யாருக்குத்தான் மனசு வரும்?

நாலரை மணிக்குக் கோட்டைக் காவலாளி அவர்கள் ஏறி வந்த பழைய பாதையின் கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினார். இனி காலைவரை அதில் ஆள் நடமாட்டம் கிடையாது. பஸ் மலையின் மறுபக்கம், தார் ரோட்டில் நின்றது. வந்த வழியே யாரும் திரும்பப் போவதில்லை.

இருட்டும் நேரத்தில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பைண்டர் ஒவ்வொரு முகமாகத் தேடினார். பெரியவர் எந்தச் சீட்டிலும் இல்லை.

சொல்லிவிடலாம். சொன்னால், இரண்டு கல்லாகப் பதினேழைச் சொன்னது யார் என்று கேட்பார்கள். ஃபோர்மேன் வேலை அதோடு சரி.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. இந்த முறை சும்மா இருந்துவிட்டால் போதும். பதினாறில் வரிசை நிற்கும். மேலாளர் நிமிர்ந்து பார்த்து எங்கே என்று கேட்பார். எல்லோரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். தன் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

விசில் ஒலித்தது. எண்கள் சீட்டு சீட்டாக வந்தன.

“பதினாறு.”

பைண்டர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

“பதினேழு, முற்றுப்புள்ளி.”

பின்னாலிருந்து வந்தது. அதே மூக்கு, அதே இழுப்பு.

பைண்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்துவிட்டார் மனிதர்! கண்ணில் தண்ணீரே முட்டிவிட்டது. பையைக் கொடுக்கலாம் என்று தூக்கிக்கொண்டு திரும்பினார்.

கடைசி வரிசையில் டைப் செய்யும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவர் எங்கோ முன்னால் உட்கார்ந்திருப்பார், பைண்டர்தான் மறந்துவிட்டார் என்று நினைத்து உதவிக்கு வந்திருக்கிறாள். பஸ் முழுக்க ஒரே சிரிப்பு.

பை மறுபடி மடியில் விழுந்தது. டப்பா காலியாகிவிட்டதால் அடியில் இருந்தது இப்போது கையில் தட்டுப்பட்டது. ஒரு சின்ன மாத்திரைப் புட்டி. அதைச் சுற்றி ரப்பர் போட்ட காகிதத்தில், புள்ளி பிசகாத கையெழுத்து: ‘நெஞ்சு வலித்தால், உடனே, நாக்கின் அடியில் ஒன்று.’

மேலாளர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அடுத்து?”

டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

“பதினெட்டு” என்றார் பைண்டர்.