கவிழ்த்த பூச்சாடிகள்

“கல்லறைப் பூவுல கை வைக்கிறவளுக்கு இந்தக் கமிட்டியில என்ன வேலை?”

தலைவி தீரேசா இப்படிக் கேட்டதும், பாயில் சப்பணமிட்டிருந்த பெண்கள் எல்லாரும் வாவோசாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் சுற்றியிருந்த லாவலாவாத் துணியின் ஓரத்தை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நாளாக ஊரில் இதே பேச்சுதான். அந்தத் தீவில் இறந்தவர்களை வீட்டு முற்றத்திலேயே புதைப்பது வழக்கம். அந்தக் கல்லறைகளில் வைத்த பூ விடிந்து பார்த்தால் கீழே கிடக்கும். ஜாடி கவிழ்ந்திருக்கும். பன்றியின் வேலை என்றுதான் முதலில் நினைத்தார்கள். இன்று காலை தீரேசாவின் அம்மா கல்லறையில் பூவை உருவும்போது வாவோசா கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

அந்த ஜாடியையே சாட்சிக்குத் தூக்கி வந்து பாய் நடுவில் வைத்திருந்தாள் தீரேசா.

“எங்கம்மா உனக்கு என்னடி கெடுதல் பண்ணாங்க?”

“ஒண்ணும் பண்ணலைக்கா.”

“அப்புறம்?”



“அவ என்னத்தைச் சொல்லுவா?” என்றாள் கடைக்காரி மலியா. “ஜனவரிக் காய்ச்சல்ல போன சொந்த மகளுக்கே ஒரு பூ வைக்கலை. கல்லறை மொட்டையாக் கிடக்கு. தானும் வைக்க மாட்டா, அடுத்தவங்க வச்சாலும் பொறுக்க மாட்டா.”

“சிரட்டைத் தண்ணிக்குப் பன்றி கட்டுன மகராசியாச்சே” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது.

விஷயம் இதுதான். டெங்கு பரவியதும் ஊர்த் தலைவர்கள், போதகர், பள்ளிக்கூடத்தார், பெண்கள் கமிட்டி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். கமிட்டி வீடு வீடாகப் போய்ப் பார்க்கும். எந்த வீட்டுத் தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தாலும் அந்த வீடு அபராதமாக ஒரு பன்றி கட்ட வேண்டும். டயர், டிரம், தேங்காய்ச் சிரட்டை எதையும் விடவில்லை. முதல் பன்றி வாவோசா வீட்டிலிருந்து போனது.

காய்ச்சல் மட்டும் குறையவில்லை.

“இன்னொரு பன்றி கட்டு. கமிட்டியை விட்டும் வெளியே போ” என்றாள் தீரேசா.

“இருக்கிறது ஒண்ணுதான்க்கா. என் பையன் காய்ச்சலோட டவுன்ல, அபியா ஆஸ்பத்திரியில கிடக்கான். அதை வித்துத்தான் போய் வரணும்.”

“பூவை உருவுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.”

அப்போதுதான் நர்ஸ் பெலேயுபு மருந்தகத்திலிருந்து வந்து உட்கார்ந்தாள். எதிரே ஜாடி. எட்டிப் பார்த்தாள்.

“இது யாரோடது?”

“எங்கம்மா கல்லறையோடது” என்றாள் தீரேசா, கொஞ்சம் பெருமையாகவே.

நர்ஸ் மிச்சப் பூவை எடுத்துவிட்டு ஜாடியை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கலங்கிய தண்ணீர் முழுக்கப் புழுக்கள் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

“இப்ப யாரு பன்றி கட்டணும்?” பின்னாலிருந்து அதே குரல்தான் கேட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தீரேசாவின் குரல் இறங்கிவிட்டது. “தெரிஞ்சா கமிட்டியில சொல்றதுதானே? திருடி மாதிரி ஏன் ஒளிஞ்சு வந்தே?”

வாவோசா நிமிர்ந்தாள்.

“என் கொல்லையில மட்டைக்கு அடியில கிடந்த சிரட்டையைக்கூடப் புரட்டிப் பார்த்தீங்க. உங்க வீட்டுப் பளிங்குக் கல்லறையைத் தாண்டித்தானே தினமும் வெளியே வர்றீங்க. அடுத்த குடும்பத்துக் கல்லறையை உத்துப் பார்த்தா மரியாதை இல்லைன்னு எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிட்டோம். நான் வாயைத் திறந்திருந்தா இங்க இருக்கிற ஒவ்வொரு வீடும் பன்றி கட்டியிருக்கும். செத்தவங்க பேரைச் சொல்லி அவங்க பிள்ளைங்களை இந்தக் கூட்டத்துல நிறுத்த எனக்கு மனசு வரலை. ஊத்திட்டுப் போயிடலாம்னு நினைச்சேன்.”

“அது சரி, கல்லறை ஜாடியில புழு இருக்கும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?” என்றாள் மலியா.

வாவோசா அந்த ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“என் மக கல்லறையிலதான் முதல்ல பார்த்தேன். பூ வாடக் கூடாதுன்னு நானே தண்ணி ஊத்தி ஊத்தி வச்சேன். அதுல வளர்ந்த கொசுதான் அவ தம்பியைக் கடிச்சிருக்கு.”