பச்சைச் சேலை

"மச்சான் போன்ல எடுத்தது வெறும் ஜேபெக் படம்ப்பா, அதுல நிறத்தைச் சரியாத் திருத்த முடியாது. அழிக்கச் சொல்லிட்டேன். நான் கேமராவில 'ரா' ஃபைலா எடுத்திருக்கேன், எப்படி வேணா திருத்தலாம். உட்கார்ந்து நிறமெல்லாம் சரிபண்ணித் தர்றேன்."

அப்பாவையும் அம்மாவையும் ஜோடியாக நிற்கவைத்துப் படமெடுத்த போட்டோகிராஃபர் மகன், இப்படிச் சொல்லி ஏழு மாதம் ஆயிற்று. அம்மா சேலையின் பச்சையைச் சரிசெய்தால் அப்பாவின் முகமும் பச்சையடித்தது. அப்பா போனில் கேட்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் வேலை இருக்குப்பா" என்பான்.

கடைசியில் எந்த நிறமும் பிடிக்காமல், கறுப்பு வெள்ளையாக்கி பிரேம் போட்டு எடுத்துப் போனான்.

அப்பா படத்தை வாங்கித் தடவினார். "உங்கம்மாவோட பச்சைச் சேலை அப்படியே வந்திருக்குடா."

"அப்பா, இது..." என்று ஆரம்பித்தவனை அம்மா கிள்ளினாள். சமையலறைக்கு இழுத்துப் போய் மெல்லச் சொன்னாள்:

"அவருக்குக் கண்ணு போய் ரெண்டு மாசமாச்சு. உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டார். உன்னை அவசரப்படுத்தின மாதிரி ஆயிடுமாம்."