மிச்சம் வைத்த மூட்டை

வீட்டை ஒட்டிய பட்டறையில் சாக்கு மூட்டை ஒன்றை இழுத்த அருஞ்சுனை, அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தான். மூட்டைக்கு அடியில் பாம்புச் சட்டை கிடந்தது.

“செல்வி! பட்டறைக்குள்ள பூச்சி இருக்கு!” பாம்பு என்று பேர் சொல்லவே அவனுக்குப் பயம்.

“நான் சொன்னா கேட்டீகளா? மோட்டார் ரிப்பேர் பாக்குற இடமா அது? பூராம் ஓட்டை ஒடசலு. பூச்சி குடியேறாம என்ன செய்யும்?” என்றாள் மனைவி தங்கச்செல்வி.

துருப்பிடித்த நட்டைக்கூடத் தூக்கிப்போட மனசு வராதவன் அவன். இன்று உடம்பெல்லாம் வேர்க்க, ஒவ்வொன்றையும் கம்பால் தட்டித் தட்டி வெளியே தள்ளினான். தகரம் சரிந்தால் துள்ளினான். வயர் காலில் பட்டால் கத்தினான். பழைய இரும்புக்காரரின் லோடு ஆட்டோ நிறைந்துபோனது. பூச்சி மட்டும் கண்ணில் படவே இல்லை.

மூலைக்கு மூலை பூண்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தபோது, தங்கச்செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பயப்படாதீக. அந்தச் சட்டை நம்ம பருத்திக்காட்டு வேலியில கெடந்தது. நான்தான் எடுத்தாந்து ஒங்க ஸ்பேனர் பெட்டிக்குள்ள போட்டேன். இல்லாட்டி நீங்க பட்டறைய ஒழிப்பீகளா?”

பிசைந்த சோறு அவன் கையிலேயே நின்றது.

“ஸ்பேனர் பெட்டியா? அத நான் இன்னும் தொறக்கவே இல்லயே. நான் பாத்தது காப்பர் வயரு மூட்டைக்கு அடியில!”

“சரி, அதுவும் ஆட்டோவுல போயிருச்சுல்ல?”

ஆனால் அவன் காப்பரை விட மனசில்லாமல், அந்த ஒரு மூட்டையை மட்டும் அவளுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தான்.

அவன் பார்வை மெல்லக் கட்டில் பக்கம் திரும்பியது. மேலே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கீழே, மூட்டை அசைந்தது.